வினவலுக்குள் நுழையும் கட்டளை: இணையப் பயன்பாடுகளில் எஸ்.கியூ.எல். உட்செலுத்தலும் தடுப்பு முறைகளும்

அரசின் சேவைகள் மக்களைச் சென்றடையும் வழி கடந்த இரு தலைமுறைகளில் பெரிதும் மாறியுள்ளது. 1976-இல் தேசிய தகவலியல் மையம் நிறுவப்பட்டபோது, கணிப்பொறி என்பது சில துறைகளின் குளிரூட்டப்பட்ட அறைகளில் மட்டுமே இருந்த கருவி. 2002-இல் ரயில் பயணச் சீட்டுகளை இணையத்தின் வழியே பெறும் வசதி வந்தது. 2015-இல் டிஜிட்டல் இந்தியா திட்டம் தொடங்கப்பட்டது. இன்று ஓய்வூதியம், குடும்ப அட்டை, நிலப் பதிவு, தேர்வு முடிவு, வரி செலுத்துதல் ஆகிய அனைத்திற்கும் குடிமக்கள் அலுவலகத்தின் சாளரத்தை நாடுவதைவிட இணையப் படிவத்தையே மிகுதியாக நாடுகின்றனர்.

அலுவலகச் சாளரத்தின் பின்னால் ஓர் எழுத்தர் அமர்ந்திருந்தார். அவரிடம் தரப்படும் மனுவில் பொருந்தாத வாசகம் இருப்பின், அதனை அவர் படித்ததும் அறிந்துகொள்வார். இணையப் படிவத்தின் பின்னால் இருப்பது ஒரு நிரல். தனக்குத் தரப்பட்டதைப் பகுத்துப் பார்க்குமாறு அந்நிரல் எழுதப்படவில்லையெனில், மனுதாரர் எழுதிய சொல்லையே மேலதிகாரியின் ஆணையாகக் கருதி அது நிறைவேற்றிவிடும். இக்குறையே எஸ்.கியூ.எல். உட்செலுத்தல் எனப்படுகிறது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அறியப்பட்ட, தீர்வும் தெளிவாகத் தெரிந்த இக்குறை இன்னும் நீடிப்பது ஏன், அதனைக் களைவது எங்ஙனம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வினவல் மொழியின் தோற்றம்

செய்திகளை அட்டவணைகளாக அமைத்து, அவற்றுக்கிடையே உள்ள உறவுகளின் அடிப்படையில் சேமிக்கலாம் என்னும் கோட்பாட்டை ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் எட்கர் காட் 1970-இல் வெளியிட்டார். அக்கோட்பாட்டைப் பின்பற்றி, அதே நிறுவனத்தைச் சேர்ந்த டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகிய இருவரும் 1974-இல் ஒரு வினவல் மொழியை வகுத்தனர். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் பெற்றது. 1986-இல் அமெரிக்கத் தர நிறுவனமும், 1987-இல் பன்னாட்டுத் தர அமைப்பும் இதனை ஏற்றுத் தரப்படுத்தின.

இம்மொழியின் சிறப்பு அதன் எளிமையாகும். ஏறத்தாழப் பேச்சு வழக்கை ஒத்த வாக்கியங்களால் பல இலட்சம் பதிவுகளிலிருந்து வேண்டியதைப் பெறலாம். தேடுதல், சேர்த்தல், திருத்தல், நீக்குதல் ஆகிய நான்கும் ஒரே மொழியிலேயே இயலும். அலுவலர் ஒருவர் தம் மேசையில் அமர்ந்து தாமே வினவலை எழுதிய காலத்தில் இவ்வெளிமையால் தீங்கு ஏதும் விளையவில்லை. 1990-களில் உலகளாவிய வலை பரவி, முகமறியாத எவரும் படிவத்தை நிரப்பலாம் என்ற நிலை ஏற்பட்டபோது நிலைமை மாறியது. வினவலின் ஒரு பகுதியை அலுவலகமும் மறுபகுதியை வெளியாரும் எழுதும் முறை வந்தது. 1998 டிசம்பரில் ஃபிராக் என்னும் இதழில் வெளியான ஒரு கட்டுரை இதன் ஆபத்தை முதன்முதலாகப் பொதுவில் விளக்கியது எனக் கருதப்படுகிறது.

குறை எங்கே பிறக்கிறது?

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். எஸ்.கியூ.எல். மொழியின் சொற்கள் ஆங்கிலச் சொற்களே ஆயினும், பொருள் விளங்கும் பொருட்டு இங்கு அவை தமிழில் தரப்படுகின்றன.

ஓய்வூதியர் ஒருவர் தம் எண்ணைப் படிவத்தில் இட்டுத் தமக்குரிய தொகையை அறிந்துகொள்ளும் வசதி ஒன்று உள்ளதாகக் கொள்வோம். நிரலை எழுதியவர் வினவலை இரு துண்டுகளாக வைத்துள்ளார். முதல் துண்டு:

ஓய்வூதியர் பட்டியலிலிருந்து பெயர், தொகை எடு; நிபந்தனை: எண் = '

இதன் பின் மனுதாரர் இட்ட எண் ஒட்டப்படும். இறுதியில் ஒரு மேற்கோள் குறி சேர்க்கப்படும். மனுதாரர் 4521 என இட்டால் நிபந்தனை பின்வருமாறு அமையும்:

எண் = '4521'

ஒரே ஒருவரின் விவரம் கிடைக்கும். இதுவே எதிர்பார்க்கப்பட்டது. இனி, வேறொருவர் அதே கட்டத்தில் 4521' அல்லது '1' = '1 என்று இடுகிறார் என வைத்துக்கொள்வோம். ஒட்டிய பின் நிபந்தனை இவ்வாறு அமைகிறது:

எண் = '4521' அல்லது '1' = '1'

ஒன்று ஒன்றுக்குச் சமம் என்பது எப்போதும் உண்மை. ஆகவே, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பதிவும் நிபந்தனைக்கு உட்பட்டதாகிவிடுகிறது. ஒருவருக்கு விடை சொல்ல வேண்டிய திரையில் அனைவரின் பெயரும் தொகையும் வந்து நிற்கின்றன. தரவுத்தளம் இதில் தவறு ஏதும் செய்யவில்லை; தனக்கு இடப்பட்ட கட்டளையைப் பிழையின்றி நிறைவேற்றியது. கட்டளை எது, அதில் இடப்பட்ட விவரம் எது என்ற வேறுபாடு அதனிடம் சென்று சேருமுன்பே அழிந்துவிட்டது என்பதே குறை.

உள்நுழைவுப் பக்கத்திலும் இவ்வாறே நிகழலாம். பெயரும் கடவுச்சொல்லும் பொருந்துகின்றனவா என்று சோதிக்கும் வினவலில், பெயருக்குரிய கட்டத்தில் நிர்வாகி' -- என்று ஒருவர் இடுகிறார். இரு சிறுகோடுகளுக்குப் பின் வருவது வெறும் குறிப்பு. அதனைப் படிக்க வேண்டியதில்லை என்பது எஸ்.கியூ.எல். மொழியின் இலக்கணம். எனவே, கடவுச்சொல்லைச் சோதிக்கும் பகுதி முழுவதும் குறிப்பாகிப் பயனற்றுப் போகிறது. பூட்டைத் திறக்காமலேயே கதவு திறக்கிறது.

இதற்கு நம் அன்றாட வாழ்விலேயே ஓர் ஒப்புமை உண்டு. காசோலையில் தொகையை எழுத்தால் எழுதியபின் 'மட்டும்' என்று முடித்து, எஞ்சிய இடத்தில் ஒரு கோடும் இழுக்கிறோம். நாம் எழுதியதன் தொடர்ச்சியாகப் பிறர் எதையும் சேர்த்துவிடக் கூடாது என்பதே நோக்கம். மனுதாரரின் சொல்லை அப்படியே ஒட்டி வினவலை அமைக்கும் நிரலாளர், 'மட்டும்' என்று எழுதாத காசோலையில் கையொப்பமிட்டுக் கொடுப்பவரை ஒப்பார்.

உட்செலுத்தலின் வகைகள்

மேற்கூறியவற்றில் விடை திரையிலேயே கிடைத்துவிடுகிறது. இரு பட்டியல்களின் விடைகளை ஒன்றிணைக்கும் வசதி எஸ்.கியூ.எல். மொழியில் உண்டு. அதனைப் பயன்படுத்தி, ஓய்வூதியர் பட்டியலைக் கேட்கும் பக்கத்தின் வழியே பணியாளர்களின் கடவுச்சொற் பட்டியலையும் வெளிக்கொணர முடியும். பிழை நேரும்போது தரவுத்தளம் தரும் விரிவான செய்தியை அப்படியே திரையில் காட்டும் பயன்பாடுகளில், அட்டவணைகளின் பெயர்களும் அவற்றின் அமைப்பும் பிழைச் செய்தியின் வாயிலாகவே தெரிந்துவிடுகின்றன.

விடை எதுவும் திரையில் தோன்றாவிடினும் ஆபத்து நீங்கியதாகாது. 'பதிவு உள்ளது', 'பதிவு இல்லை' என்னும் இரு விடைகளுள் ஒன்றை மட்டுமே தரும் பக்கத்தை எண்ணிப் பார்ப்போம். கடவுச்சொல்லின் முதல் எழுத்து, எழுத்து வரிசையின் பிற்பாதியில் உள்ளதா என்ற வினாவை நிபந்தனையோடு இணைத்துவிட்டால், அவ்விரு விடைகளே 'ஆம்', 'இல்லை' ஆகிவிடுகின்றன. 128 குறிகள் கொண்ட வரிசையில் ஒரு குறியைக் கண்டறிய ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைத்துச் சென்றால் ஏழு வினாக்கள் போதும். பத்து எழுத்துகளுக்கு எழுபது வினாக்கள். கருவியின் துணையோடு சில நிமிடங்களில் இவ்வேலை முடிந்துவிடும். இது குருட்டு உட்செலுத்தல் எனப்படுகிறது. பக்கத்தின் தோற்றத்தில் எவ்வித மாற்றமும் தெரியாத நிலையிலும், 'விடை ஆம் எனில் ஐந்து விநாடி தாமதிக்க' என்று கட்டளையிட்டு, தாமதத்தை அளந்தே விடையை அறியலாம்.

மூன்றாவது வகை மிகவும் நுட்பமானது. தீய உள்ளீடு முதலில் பாதுகாப்பாகவே தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகிறது. பல மாதங்கள் கழித்து, மாதாந்திர அறிக்கை தயாரிக்கும் வேறொரு நிரல் அதனைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, 'இது நம்முடைய விவரந்தானே' என்று நம்பிப் புதியதொரு வினவலில் ஒட்டும்போது கேடு விளைகிறது. விவரம் எங்கிருந்து வந்தாலும் அது விவரமே. கட்டளையாகாது என்னும் விதியை நிரலின் எல்லா இடங்களிலும் கடைப்பிடிக்க வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

ஒரு நிறுவனத்தின் அனுபவம்

இக்குறை எவ்வாறு உருவாகி, எவ்வாறு கவனிப்பாரின்றிக் கிடந்து, எவ்வாறு வெடிக்கிறது என்பதற்குப் பிரிட்டனின் டாக்டாக் என்னும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் அனுபவம் தக்க சான்றாகும். 2015 அக்டோபரில் அந்நிறுவனத்தின் 1,56,959 வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, பிறந்த நாள், தொலைபேசி எண் முதலியன களவாடப்பட்டன. அவர்களுள் 15,656 பேரின் வங்கிக் கணக்கு விவரங்களும் வெளியாயின. அந்நாட்டின் தகவல் ஆணையர் அலுவலகம் இதனை விசாரித்து, 2016 அக்டோபரில் நான்கு இலட்சம் பவுன் தண்டம் விதித்தது. அன்றைய சட்டப்படி விதிக்கக்கூடிய உச்ச அளவே ஐந்து இலட்சம் பவுன்தான்.

விசாரணையில் வெளிவந்த செய்திகள் ஒவ்வொரு நிர்வாகியும் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை. 2009-இல் டாக்டாக் நிறுவனம் டிஸ்காலி என்னும் மற்றொரு நிறுவனத்தின் பிரிட்டன் கிளையை விலைக்கு வாங்கியது. அதனுடன் வந்த பழைய வலைப்பக்கங்களில் மூன்று, எஸ்.கியூ.எல். உட்செலுத்தலுக்கு இடந்தருவனவாக இருந்தன. அப்பக்கங்கள் இன்னும் இயங்குகின்றன என்பதையே புதிய நிர்வாகம் அறிந்திருக்கவில்லை. அவற்றின் பின்னணியில் இருந்த தரவுத்தள மென்பொருளும் காலாவதியானது. அதிலிருந்த ஒரு பிழைக்குரிய திருத்தம் 2012-ஆம் ஆண்டிலேயே கிடைத்திருந்தும் நிறுவப்படவில்லை. 2015 ஜூலையிலும் செப்டம்பரிலும் அதே பக்கங்களின் மீது இருமுறை தாக்குதல் நிகழ்ந்திருந்தது. கண்காணிப்பு இல்லாமையால் அவை உணரப்படவில்லை. இது தொடர்பான குற்றங்களை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவர்களுள் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான்.

பெரும் நிறுவனமொன்றை நிலைகுலையச் செய்தது உயர்தொழில்நுட்பம் அன்று. உடைமைப் பட்டியல் இல்லாமை, பழையதைக் களையாமை, திருத்தத்தை நிறுவாமை, பதிவேடுகளைப் பாராமை ஆகிய நான்கு நிர்வாகக் குறைகளே. துறைகள் இணைக்கப்படும்போதும், திட்டங்களின் பெயர் மாறும்போதும், ஒப்பந்தக்காரர் மாறும்போதும் பழைய இணையப் பக்கங்கள் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் எஞ்சிவிடும் நிலை எந்நாட்டு நிர்வாகத்திற்கும் பொருந்தும்.

இது தனித்த நிகழ்ச்சியும் அன்று. அமெரிக்காவின் ஹார்ட்லாண்ட் என்னும் பணப் பட்டுவாடா நிறுவனம், உட்செலுத்தலில் தொடங்கிய ஊடுருவல் ஒன்றினைப் பற்றி 2009 ஜனவரியில் அறிவித்தது. ஏறத்தாழ 13 கோடி அட்டைகளின் விவரங்கள் அதில் பாதிக்கப்பட்டன. 2023 மே மாதத்தில், மூவ்இட் என்னும் கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இருந்த இதே வகைக் குறையின் வழியே உலகெங்கும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கோப்புகள் களவாடப்பட்டன. ஒரே மென்பொருளில் இருந்த ஒரு குறை, அதனை நம்பி வாங்கிய அனைவரையும் பாதித்தது. இதன்பின், 2024 மார்ச்சில் அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமையும் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பும் கூட்டாக ஓர் அறிக்கை வெளியிட்டு, இவ்வகைக் குறையையே அடியோடு ஒழிக்குமாறு மென்பொருள் நிறுவனங்களின் தலைவர்களைக் கேட்டுக்கொண்டன.

அடிப்படைத் தீர்வு

கட்டளையும் விவரமும் கலப்பதால் நோய் உண்டாகிறது. ஆகவே, அவ்விரண்டையும் தனித்தனியே அனுப்புவதே மருந்து. இதனை அளவுரு முறை வினவல் என்பர். இம்முறையில், நிரலாளர் வினவலை முழுமையாக எழுதி, விவரம் வரவேண்டிய இடத்தில் ஒரு குறியை மட்டும் இடுகிறார்:

ஓய்வூதியர் பட்டியலிலிருந்து பெயர், தொகை எடு; நிபந்தனை: எண் = ?

தரவுத்தளம் முதலில் இதனை மட்டும் பெற்று, இலக்கண ஆய்வு செய்து, செயல் வடிவத்தை முடிவு செய்துவிடுகிறது. அதன்பின் மனுதாரரின் உள்ளீடு தனியே வருகிறது. கட்டளையின் அமைப்பு ஏற்கெனவே உறுதி செய்யப்பட்டுவிட்டதால், பின்னர் வருவது எதுவாயினும் அது விவரமாகவே கொள்ளப்படும். முன்னர்க் கண்ட 4521' அல்லது '1' = '1 என்ற உள்ளீடு இப்போது வந்தால், அத்தனை எழுத்துகளையும் தன் எண்ணாகக் கொண்ட ஓய்வூதியர் எவரேனும் உளரா என்று தரவுத்தளம் தேடும்; எவரும் இலர் என்று விடை கூறும். அவ்வளவே.

ஜாவா, பி.எச்.பி., பைத்தான், டாட்நெட் முதலிய வழக்கிலுள்ள எல்லா மொழிகளிலும் இவ்வசதி உண்டு. இதற்குத் தனிச் செலவில்லை. ஒரே வினவல் பலமுறை பயன்படும்போது வேகமும் கூடுவதுண்டு. எனினும், சில எச்சரிக்கைகள் தேவை.

முதலாவதாக, அட்டவணையின் பெயர், பத்தியின் பெயர், வரிசைப்படுத்தும் முறை ஆகியவற்றை இக்குறியின் வாயிலாக அனுப்ப இயலாது. அவை கட்டளையின் உறுப்புகள். பயனாளர் 'பெயர் வரிசைப்படி' அல்லது 'தேதி வரிசைப்படி' என்று தேர்ந்தெடுக்க வேண்டிய இடங்களில், அனுமதிக்கப்பட்ட பெயர்களை நிரலிலேயே பட்டியலிட்டு, பயனாளரின் தேர்வு அப்பட்டியலில் உள்ளதா என்று சோதித்து, பட்டியலில் உள்ள சொல்லையே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவதாக, தரவுத்தளத்தினுள்ளேயே சேமித்து வைக்கப்படும் செயல்முறைகளைப் பயன்படுத்தினால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. அச்செயல்முறைக்குள்ளேயே துண்டுகளை ஒட்டி வினவல் அமைக்கப்படுமாயின், குறை இடம் மாறியதே தவிர நீங்கவில்லை.

மூன்றாவதாக, வினவல்களைத் தாமே அமைத்துத் தரும் நவீனக் கட்டமைப்புகள் பெரும்பாலும் பாதுகாப்பானவை. ஆயினும், நேரடியாக வினவல் எழுத இடந்தரும் வாயில் ஒன்று அவற்றிலும் இருக்கும். அவசரத்தில் அவ்வாயிலைப் பயன்படுத்தும் நிரலாளர் பழைய தவற்றையே புதிய கருவியில் செய்கிறார்.

விலக்குப் பட்டியல் ஏன் போதாது?

மேற்கோள் குறியை நீக்கிவிட்டால் போதாதா என்று மாணவர்கள் வினவக்கூடும். போதாது என்பதற்குக் காரணங்கள் பல. எண்ணாக ஒப்பிடப்படும் இடத்தில் மேற்கோள் குறியே இல்லை; அங்கு 4521 அல்லது 1 = 1 என்று இட்டாலே போதும். ஒரே குறியைப் பல குறியீட்டு முறைகளில் எழுதலாம். ஆகையால் விலக்குப் பட்டியல் ஒருபோதும் நிறைவு பெறாது.

இதைவிட முக்கியமான காரணம் மக்களைச் சார்ந்தது. கோவாவிலும் மங்களூரிலும் டி'சூசா, டி'சில்வா என்னும் பெயருடைய குடும்பங்கள் பல உள்ளன. அப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவே வருவது இதே மேற்கோள் குறிதான். குறியைத் தடை செய்யும் படிவம், இக்குடிமக்களிடம் 'உங்கள் பெயர் செல்லாது' என்று கூறுகிறது. அதனால் ஒரு பதிவில் குறியோடும் மற்றொன்றில் குறியின்றியும் பெயர் அமைந்து, இரு ஆவணங்கள் ஒத்துவராமல் அவர்கள் அலைய நேரிடும். அளவுரு முறையில் இத்தொல்லையே இல்லை. பெயர் பெயராகவே சேமிக்கப்படுகிறது. நேர்மையான குடிமகனின் பெயர் இடப்பட்டவுடன் தரவுத்தளப் பிழைச் செய்தி தோன்றுமாயின், அது அப்பயன்பாட்டில் உட்செலுத்தல் குறை இருக்கக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை மணி. அத்தகைய புகாரை அலுவலர் 'எழுத்துப் பிழை' என்று ஒதுக்கிவிடலாகாது.

துணை அரண்கள்

ஒரு கோட்டைக்கு மதில் ஒன்று மட்டும் போதாது. அகழியும் காவலும் வேண்டும். அளவுரு முறையை மதிலாகக் கொண்டு, பின்வரும் துணை அரண்களையும் அமைத்தல் வேண்டும்.

உள்ளீட்டுச் சரிபார்ப்பு: அஞ்சல் குறியீட்டு எண் ஆறு இலக்கங்கள் கொண்டது, ஆகவே, ஆறு இலக்கமல்லாத எதையும் ஏற்கலாகாது. இச்சோதனை பயனாளரின் திரையில் மட்டுமன்றி, சர்வரிலும் நடைபெற வேண்டும். திரையில் நிகழும் சோதனையை எவரும் எளிதில் தவிர்த்துவிடலாம்.

குறைந்தபட்ச அதிகாரம்: தேர்வு முடிவைக் காட்டும் பயன்பாட்டிற்கு மதிப்பெண்ணைப் படிக்கும் அதிகாரம் போதும், திருத்தவும் நீக்கவும் அதிகாரம் எதற்கு? பயன்பாடு தரவுத்தளத்துடன் இணையும் கணக்கிற்கு, அப்பணிக்கு வேண்டிய அளவே அதிகாரம் தரப்பட வேண்டும். கருவூல எழுத்தரிடம் பெட்டகத்தின் எல்லாத் திறவுகோல்களையும் ஒப்படைப்பதில்லை அல்லவா?

பிழைச் செய்தி: பயனாளருக்குப் பொதுவானதொரு செய்தி மட்டுமே தெரிய வேண்டும். விரிவான விவரம் உட்பதிவேட்டில் எழுதப்பட வேண்டும்.

கடவுச்சொற் சேமிப்பு: கடவுச்சொற்களை உள்ளவாறே சேமிப்பது பெரும் பிழை. மூலத்தை மீட்க இயலாத ஒருவழிக் கணிப்பின் மூலம், அதற்கெனவே மெதுவாக இயங்குமாறு வகுக்கப்பட்ட பிகிரிப்ட், ஆர்கான்-2 போன்ற முறைகளில் சேமிக்க வேண்டும். பட்டியல் களவு போனாலும் அதனை உடனே பயன்படுத்த இயலாது.

வலைப் பயன்பாட்டு ஃபயர்வால்: இது அறியப்பட்ட தாக்குதல் வடிவங்களை வழியிலேயே தடுக்கும். பழைய பயன்பாட்டைத் திருத்தி எழுதும் வரை இது அவகாசம் தரும். ஆனால், திருத்தத்திற்கு மாற்றாகாது.

சட்டமும் நிர்வாகப் பொறுப்பும்

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இத்துறையின் அடிப்படைச் சட்டமாகும். அதன் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றிக் கணிப்பொறியில் நுழைவதையும் விவரங்களை எடுப்பதையும் இழப்பீட்டிற்குரிய செயலாக்குகிறது. அதே செயலை நேர்மையற்ற அல்லது மோசடி நோக்குடன் செய்தால், 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், விவரங்களைக் காக்க வேண்டியவரின் பொறுப்பை வலியுறுத்துகிறது. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடமுண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்குக் கொணரப்படுகின்றன.

சர்ட்-இன் என வழங்கும் இந்தியக் கணிப்பொறி அவசரகால எதிர்வினைக் குழு, 2004 முதல் இயங்கி வருகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று அது பிறப்பித்த நெறியுரைகளின்படி, தரவுக் கசிவு முதலிய நிகழ்ச்சிகளை அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். கணிப்பொறி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாள்களுக்குப் பேண வேண்டும். அரசின் இணையப் பயன்பாடுகளைப் பொதுமக்களுக்குத் திறக்குமுன், இக்குழுவின் பட்டியலில் உள்ள தணிக்கையாளரிடம் பாதுகாப்புச் சான்று பெறுவதும் நடைமுறையாகும்.

சான்று பெறுவதுடன் கடமை முடிந்ததெனக் கருதலாகாது. தணிக்கைக்குப் பின் சேர்க்கப்பட்ட ஒரு புதிய பக்கம் சான்றின் பொருளை அழித்துவிடக்கூடும். ஆகவே, துறைப் பொறுப்பில் உள்ள அலுவலர்கள் பின்வருவனவற்றைத் தம் வழக்கமாக்கிக்கொள்வது நலம்:

1. துறையின் பெயரில் இயங்கும் இணையப் பக்கங்கள், தரவுத்தளங்கள் அனைத்திற்கும் பட்டியல் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான அலுவலரின் பதவியைக் குறித்தல், பயனற்றவற்றை மூடுதல்.

2. ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே, எல்லா வினவல்களும் அளவுரு முறையில் அமைய வேண்டும் என்றும், தணிக்கையில் காணப்படும் குறையை ஒப்பந்தக்காரர் தம் செலவில் நீக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தல். மூலநிரலைத் துறையிடம் ஒப்படைக்கச் செய்தல்.

3. நிரலில் மாற்றம் நிகழும்போதெல்லாம் மறுசோதனை நடத்துதல். தரவுத்தள மென்பொருளின் திருத்தங்களை உரிய காலத்தில் நிறுவுதல்.

4. பதிவேடுகளைச் சேமிப்பதோடு நில்லாது, அவற்றை நாள்தோறும் பார்வையிட ஒருவரைப் பணித்தல்.

5. கசிவு நேர்ந்தால் யார் யாருக்குத் தெரிவிப்பது, எந்தச் சேவையை நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தல். ஆறு மணி நேரம் என்பது கோப்பு ஒரு மேசையிலிருந்து மறுமேசைக்குச் செல்லும் நேரத்தைவிடக் குறைவு.

மாணவர்களுக்கு

இக்குறையைக் கற்க விழையும் மாணவர், தம் சொந்தக் கணிப்பொறியில் பயிற்சிக்கென்றே உருவாக்கப்பட்ட பயன்பாடுகளை நிறுவிச் சோதித்துப் பார்க்கலாம். 2001-இல் தொடங்கப்பட்ட ஓவாஸ்ப் என்னும் தன்னார்வ அமைப்பு இதற்கான பாடங்களை இலவசமாக வழங்குகிறது. அவ்வமைப்பு வெளியிடும் பத்து முதன்மை ஆபத்துகளின் பட்டியலில், உட்செலுத்தல் 2010, 2013, 2017 ஆகிய பதிப்புகளில் முதலிடத்திலும், 2021-இல் மூன்றாமிடத்திலும் இருந்தது. ஆனால், ஆர்வத்தின் காரணமாகப் பிறருடைய இணையதளத்தில், அது அரசுடையதாயினும், அனுமதியின்றிச் சோதனை செய்தல் சட்டப்படி குற்றமாகலாம். தற்செயலாகக் குறை ஒன்று கண்ணில் பட்டால், அதனை மேலும் துருவாமலும் பிறரிடம் பரப்பாமலும் சர்ட்-இன் குழுவிற்குத் தெரிவிப்பதே முறை.

கல்லூரிகளுக்கும் இதில் பங்குண்டு. தரவுத்தளப் பாடத்தின் முதல் செய்முறையிலேயே துண்டுகளை ஒட்டி வினவல் அமைக்கக் கற்பித்துவிட்டு, பாதுகாப்பை இறுதிப் பருவத்தின் விருப்பப் பாடமாக ஒதுக்கினால், மாணவர் முதலில் கற்றதையே வாழ்நாள் முழுவதும் கையாள்வர். முதல் நாளிலிருந்தே அளவுரு முறையைக் கற்பித்தால், தவறான முறையை அவர்கள் மறக்க வேண்டிய தேவையே எழாது.

முடிவாக

தடுக்க இயலாத தாக்குதல்கள் சில இருக்கலாம், எஸ்.கியூ.எல். உட்செலுத்தல் அவற்றுள் ஒன்றன்று. நோய் அறியப்பட்டது, மருந்தும் கையில் உள்ளது, விலையும் மிகக் குறைவு. இல்லாதது கவனம் மட்டுமே. ஓய்வூதியரும் உழவரும் மாணவரும் தம் பெயரையும் எண்ணையும் கணக்கையும் அரசின் படிவத்தில் இடும்போது, முன்பு சாளரத்தின் பின்னிருந்த எழுத்தரிடம் வைத்த அதே நம்பிக்கையையே வைக்கின்றனர். அந்நம்பிக்கையைக் காக்கும் பணி, நிரலின் ஒரு வரியை எழுதுபவரிடமும், அவ்வரிக்கு ஒப்புதல் அளிப்பவரிடமும் ஒருங்கே உள்ளது.